பின்சீட்டுக்காரி

என் அண்ணி ஒரு ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், அவ்வளவுதான். வந்தவர் தையல் அறையின் வாசற்படியைத் தாண்டுவதற்குள் அவருடைய அளவு முழுக்க அவள் தலைக்குள் ஏறிவிடும். அதற்கப்புறம் டேப்பை எடுத்துப் பிடிப்பதெல்லாம் வந்தவருடைய திருப்திக்காக. "டேப் பிடிக்கலைன்னா இவளுக்கு வேலை தெரியலன்னு சொல்லிடுவாங்க" என்பாள். ஆட்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது. "அந்த இடது தோள் இறக்கம் துணி வாங்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் அது யாரென்று புரிந்துவிடும்.

அவள் தைத்த துணி திரும்பி வந்ததே கிடையாது. உடம்பு பெருத்ததை ஒப்புக்கொள்ளாமல் பழைய அளவையே சொல்லும் பெண்களிடம் வாக்குவாதம் பண்ண மாட்டாள். "சரிங்க, அதே அளவு" என்று தலையாட்டிவிட்டுத் தன் கண் சொன்ன அளவுக்கே தைத்துவிடுவாள். அவர்களும் போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நான் சொன்ன அளவுதான்" என்று பெருமையாகப் போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சிரிப்பாள்.

தனக்கென்று மட்டும் ஒரு பேப்பர் பேட்டர்ன் வைத்திருக்கிறாள். ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கல்யாணமான புதிதில் வெட்டியது, ஓரமெல்லாம் பழுத்துப் போயிருக்கிறது. தனக்குத் தைக்கும்போது அதைத்தான் விரிப்பாள். விரித்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று சுற்றிலும் தாராளமாகத் துணி விட்டு வெட்டுவாள்.

நான் அவளுடைய நாத்தனார். மாடி அறையில் இருக்கிறேன். கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டு, போதும் சாமி என்று திரும்பி வந்தவள். இரும்புச் சாமான் கடை ஒன்றில் பில் போடுகிறேன். ஆண்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு, அதில் கூடப் பிறந்தவனுக்கென்று தனிச் சலுகை எதுவும் வைக்கவில்லை. சாயங்காலம் கடை விட்டு வந்ததும் அண்ணி எதிரே உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பேன். அவள் வலது காலை ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் நீட்டி வைத்துக்கொண்டு தைப்பாள். மெஷின் மோட்டாரின் மிதியை இடது காலுக்கு மாற்றி ரொம்ப நாளாகிறது. வலது பக்கம் வயர் எட்டவில்லை என்று காரணம் சொன்னாள். கடையிலிருந்து நீளமான வயர் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் பெரிய கட்டடங்களில் ஏசி காற்றுப் போகிற தகரக் குழாய்களைச் செய்து மாட்டுகிறவன். தகட்டைக் காகிதம் மாதிரி மடிப்பான். பேச்சு மட்டும் வராது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். வெளியூருக்கு மாற்றலாகிப் போன யாரோ கழித்துவிட்டது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி, ஆனால் அதில் எஞ்சினையும் சக்கரங்களையும் தவிர உருப்படியாக எதுவும் இல்லை.

"வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு பேசாம உக்காந்திருக்கு. இது ரெண்டாவதா?" என்றாள் அண்ணி.

அன்றிலிருந்து அவன் பின்கட்டு ஷெட்டே கதியென்று கிடந்தான். கடையில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, எல்லாம் கைவேலை. குழாய் செய்து மிஞ்சிய அலுமினியத் தகட்டில் இரண்டு பக்கப் பெட்டிகள். மூடிப்போன கடை ஒன்றின் பெயர்ப்பலகையை வெட்டி, வளைத்து, முன்னால் காற்றுத் தடுப்பு. வெயில் படும்போது அதில் பழைய எழுத்துகளின் தடம் தெரியும். பிளாஸ்டிக் கேனை அறுத்துக் கைப்பிடிகளுக்கு உறை. கால் ஒடிந்த இரும்புக் கட்டிலின் சட்டத்திலிருந்து பின்னால் கேரியர். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு திருகுகூட ஆடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மூக்கு வியர்த்தது எனக்குத்தான். ஒரு நாள் கடைக்கு வந்து, மடக்கு ஏணிக்குப் போடுகிற கீல் ஒரு ஜோடி கேட்டான்.

"பைக்குக்கு எதுக்குண்ணா ஏணிக் கீலு?"

"பெட்டிக்கு."

பெட்டிக்கு வேண்டிய கீல்களை அவன் முன்பே வாங்கிவிட்டான். பில் போட்டவளே நான். என்னிடமே பொய் சொல்கிறானா என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் பார்த்தால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மருந்துக் கடையிலிருந்து சலைன் ஏற்றுகிற டியூப் ஒன்றை வாங்கி வந்திருந்தான். கேட்டால், செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவதற்காம். அண்ணி அந்தப் பக்கம் போனால் வண்டி மேல் தார்ப்பாய் விழுந்தது. அண்ணியின் தையல் ஸ்டூலில் கிடந்த பழைய மெத்தையைக் காணோம், கேட்காமலே புதிது வாங்கிப் போட்டிருந்தான். "திடீர்னு என்ன அக்கறை? மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம் வரும்" என்றாள் அண்ணி. புது மெத்தை இன்னும் படியவில்லை என்று வேறு அதன்மேல் நெளிந்துகொண்டிருந்தாள்.

நான் துணி காயப்போடப் போகிற சாக்கில் ஷெட் பக்கம் காது வைத்தேன். உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாதவன், அங்கே அத்தனை குழைவாகப் பேசினான்.

"நீங்க ரெடியா இருங்க, நான் பாத்துக்கறேன். அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா ஒத்துக்க மாட்டா."

போனின் மறுமுனையில் பெண் குரல். ஈரத் துணியோடு அப்படியே தையல் அறைக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அண்ணன் வேலைக்குப் போன பிறகு இரண்டு பேரும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். இடது பக்கம் ஒரு மடக்குப் படி, என் கீல்கள் அதில்தான் இருந்தன. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டைகளில் இடது பக்கத்தது வழக்கமான இடத்தில் இருந்தது. வலது பக்கத்ததை மட்டும் அறுத்து, நன்றாகக் கீழே இறக்கி, முன்னால் தள்ளி ஒட்டியிருந்தான். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாலையைப் பார்க்க இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது. நடுவில் மூன்றாவதாகக் கையகலத்தில் ஒரு கண்ணாடி எதற்கு? அதில் சாலை தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு முகம் வர வேண்டிய இடம்தான் தெரிந்தது, வெறும் சுவராக.

"அண்ணி, நீங்க பின்னாடி ஏறிப் பாருங்களேன்."

"எவளோ உக்காரப் போற எடத்துல நான் உக்காரணுமா? போடி!"

அந்த வார இறுதியில் அண்ணன் தானாகவே வந்து மாட்டினான் என்று நினைத்தோம். பின்சீட்டையும் சாய்மானத்தையும் கொண்டுவந்து வெட்டும் மேசைமேல் வைத்தான். பலகை மேல் ஃபோம் ஒட்டி, கத்தியால் சீவிச் சீவி வளைத்திருந்தான்.

"ரெக்சின் போட்டுத் தைச்சுக் குடு. ஃபோம் எப்படி இருக்கோ அப்படியே வெட்டிக்க. உன் இஷ்டத்துக்கு அளவை மாத்திடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணி கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள், குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. அவள் முகம் சுருங்கியது.

"இது என் அளவு இல்லடி."

"நிஜமாவா அண்ணி?"

"இடுப்பு என்னைவிட நாலு வெரக்கடை கூட. வலது தொடைப் பக்கம் சீவி எறக்கியிருக்காரு பாரு, இவளுக்கு வலது கால் மடங்காது, நீட்டித்தான் வைப்பா. அதனால ஒடம்பு கனம் இடது பக்கம் விழும். சாய்மானத்துலயும் இடது பக்கம் தடிப்பா வச்சிருக்காரு. சின்னப் பொண்ணும் இல்ல. நம்ம வயசு."

சின்னப் பெண்ணாக இருந்தாலாவது பரவாயில்லை என்பது போல மூச்சு விட்டாள். "குண்டச்சி" என்றாள். மறுபடியும் ஃபோமைத் தடவிப் பார்த்துவிட்டு, "குண்டுன்னும் சொல்ல முடியாது. நல்ல கட்டு" என்று திருத்திக்கொண்டாள். தொழில் அவளுக்கு அப்படி.

வலது கால் மடங்காத, அகலமான, நடுவயதுப் பெண். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் யோசித்தோம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மருந்துக் கடைக்காரி! கனத்த உடம்பு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள், சலைன் டியூபும் அங்கேதான் வாங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு அந்த அம்மாள்தான் பேயாகக் கிடைத்தாள். தலைவலி மாத்திரை வாங்கப் போகிறோம் என்று கிளம்பினோம். வழியில் நாலு இடத்தில் நின்று, செருப்பில் கல் என்றாள் அண்ணி. நானும் உண்மையிலேயே கல்தான் என்று நினைத்தேன்.

மருந்துக் கடைக்காரி சிரித்த முகமாக, "உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரே, டியூப் வாங்க" என்றாள். நான் அண்ணியின் கையைக் கிள்ளினேன். அண்ணி அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இவ இல்ல."

"எப்படி அண்ணி சொல்றீங்க? அப்படியே பொருந்துதே!"

"தோள் அகலம் ஜாஸ்தி. அந்தச் சாய்மானத்துல இவ பாதிதான் உக்காருவா. கெட்டுப்போன காலும் இடது கால். கண்ணு இருக்கா உனக்கு?"

தன் குடும்பமே ஆடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அளவில் பொய் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய பையை எடுத்து அலமாரியில் இருந்த தன் துணிகளையெல்லாம் அதில் திணித்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

"அக்கா வீட்டுக்குப் போறேன். இந்தக் கவரைத் தைச்சுக் குடுத்துட்டுக் கெளம்பறேன். வேலையைப் பாதியில விட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

அவளுடைய அக்கா இருப்பது ரொம்ப தூரத்தில். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். வா, வா என்று அக்கா வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். இவளும் தினம் காலையில் போனில் "வேலை ஜாஸ்திக்கா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் மூக்கை உறிஞ்சுவாள். அப்படிப்பட்டவள் இப்போது போகிறேன் என்றால் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருந்தது.

கவர் தைக்க உட்கார்ந்தவள் ஃபோமை அளக்கவில்லை. ஆணியில் தொங்கிய தன் பழைய பேட்டர்னை எடுத்து ரெக்சின்மேல் விரித்தாள். அதன் இடுப்பு அளவுக்கே கோடு போட்டாள்.

"அண்ணி, அவன் ஃபோம் அளவுக்குத்தானே வெட்டச் சொன்னான்?"

"இந்த வீட்டுல பின்சீட்டு என் அளவுக்குத்தான் இருக்கும். பிடிச்சா அவ ஒடம்பைக் கொறைச்சுக்கட்டும்."

ஒரு நூல் பிசகாமல், இரட்டைத் தையல் போட்டு முடித்தாள். மறுநாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பும் முன், ஃபோம் வைத்த பலகையைத் திரும்ப வண்டியில் பொருத்தி வைத்துவிட்டு, கவரை அப்படியே மாட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். கவர் ஏறவில்லை. நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, பாதியில் நின்றுவிட்டது.

அண்ணிக்கு வந்ததே கோபம். கவரை உருவிக் கீழே எறிந்தாள். "நீ முன்னாடி ஏறுடி. அந்தக் கண்ணாடியில பாரு. நான் உக்காந்தா எவ்வளவு எடம் மிச்சம் இருக்குன்னு பாத்துச் சொல்லு. அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

நான் முன்சீட்டில் ஏறினேன். அவள் மடக்குப் படியில் இடது காலை வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் ஃபோம் மெதுவாக அமுங்கும் சத்தம் கேட்டது. நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அண்ணியின் முகம், நெற்றியிலிருந்து தாடை வரை, சட்டம் போட்ட படம் மாதிரி முழுதாக இருந்தது.

"எவ்வளவு மிச்சம்?" என்றாள்.

கண்ணாடியில் அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது கால் நீண்டு, இறக்கி வைத்த அந்தக் கட்டைமேல் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. அந்த உயரத்தை நான் தினம் சாயங்காலம் பார்த்திருக்கிறேன். கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் உயரம்.

"வலிக்கலடி" என்றாள் ரொம்ப மெதுவாக.

எது வலிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. செருப்பில் கல், எட்டாத வயர், வேலை ஜாஸ்திக்கா என்ற பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மண்டையில் இறங்கின. அண்ணி சீட்டின் ஓரத்தில் ஃபோமை விரலால் விலக்கினாள். அடியில் பச்சைக் கட்டம் போட்ட துணி தெரிந்தது. இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து படிந்துபோன அவளுடைய ஸ்டூல் மெத்தை.

இறங்கி நேராகத் தையல் அறைக்கு நடந்தாள். இந்தத் தடவை நொண்டுவதை மறைக்கவில்லை. டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பிடி."

"எதை அண்ணி?"

"என்னைத்தான். இழுத்துப் பிடிக்காத. பொய் சொல்லாம சொல்லு."

ஊரையே அளந்தவளை யாரும் அளந்தது கிடையாது. இடுப்புக்குக் குறுக்கே பிடித்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஃபோமுக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். "முட்டி போச்சுன்னு தெரிஞ்சா கடையை மூடச் சொல்லிடுவாருன்னு மறைச்சேன். பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு" என்றாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் யாரையாவது திட்ட வேண்டும் போலவும் இருந்தது. அகப்பட்ட ஒருத்தி நான்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புது ரெக்சினை விரித்தாள். பழைய பேட்டர்னைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கென்று அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டான். "கவர் ரெடியா?"

"அளவு தப்பாயிடுச்சு. நாளைக்குத் தரேன்" என்றாள் அண்ணி.

"அளவா? உனக்கா?" அவன் நம்பாமல் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவன் மூலையில் இருந்த பெரிய பையைப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

"பையெல்லாம் கட்டியாச்சா? அப்போ தெரிஞ்சுபோச்சா உனக்கு? முன்னாடியே சொன்னா முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சண்டை போடுவே, வண்டியில ஏறவே மாட்டேன்னுதான் உங்க அக்காகிட்டகூட போன்ல மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வச்சேன். கெளம்பற அன்னிக்குச் சொல்லலாம்னு..." என்னை முறைத்தான். "நீதானே சொன்னே? ஒட்டுக் கேட்டே, இல்ல?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். "ஆமா, இவதான் சொன்னா. வாயில ஒண்ணும் நிக்காது இவளுக்கு" என்றாள்.

கட்டிய புருஷனைச் சந்தேகப்பட்டவள் அவள். மருந்துக் கடைவரை துணைக்குப் போனவள் நான். கடைசியில் ஓட்டைவாய் என்ற பட்டம் மட்டும் எனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவள் வீட்டில் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் விடிந்ததும் அண்ணியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். கவர் சுருக்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் இடது பக்கப் பெட்டியில் அந்தப் பையை வைக்கப் பார்த்தான். மூடி சாத்த வரவில்லை. முழங்காலால் அமுக்கிப் பார்த்தான்.

"நாலு நாளைக்குப் போறதுக்கு அலமாரியையே காலி பண்ணிட்டு வந்திருக்கியே, எதுக்கு இவ்வளவு துணி?"

அண்ணி பின்சீட்டில் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாதி பழைய அளவு, எனக்குச் சேரவே சேராதுங்க" என்றாள். "அதை எறக்கி வச்சிடுங்க."